மேப் பெரிசு... ஆனா சிட்டி ஏன் சின்னதா தெரியுது? ஓபன் வேர்ல்ட் கேம் நகரங்களின் அளவு ரகசியம்

2021 நவம்பரில் ‘ஜி.டி.ஏ: சான் ஆண்ட்ரியாஸ்’ புதுப்பொலிவுடன் மறுபடி வெளியானது. 2004-ல் முதன்முதலில் வந்தபோது ஒரு தலைமுறையே பிரவுசிங் சென்டரிலும் நண்பன் வீட்டு சிஸ்டத்திலும் உட்கார்ந்து தேய்த்த கேம். பழைய பாசத்தில் வாங்கியவர்கள் ஒரு விமானத்தைக் கிளப்பிக்கொண்டு மேலே போனார்கள். கீழே பார்த்தால் ஷாக். லாஸ் சாண்டோஸ், சான் ஃபியரோ, லாஸ் வெஞ்சுராஸ் என மூன்று நகரங்களும் ஒரே ஃபிரேமில் அடங்கிவிட்டன. சின்ன வயதில் ‘எவ்ளோ பெரிய ஊரு’ என்று வாய் பிளந்த அதே இடம், பொருட்காட்சியில் வைத்த மாடல் மாதிரி தெரிந்தது. ஸ்கிரீன்ஷாட்டுகள் இணையம் முழுக்கச் சுற்றின.

இத்தனைக்கும் மேப் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை. காணாமல் போனது ஒன்றே ஒன்றுதான். பனிமூட்டம்.

பழைய சான் ஆண்ட்ரியாஸ் ஓடிய பிளேஸ்டேஷன் 2-ல் இருந்த ரேம் வெறும் 32 எம்.பி. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோவே அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த இடத்துக்குள் தூரத்துக் கட்டிடங்களையெல்லாம் வரைந்து காட்ட வழியே இல்லை. அதனால் கொஞ்ச தூரத்துக்கு அப்பால் எல்லாமே ஒரு மங்கலான புகையில் கரைந்துவிடும். வேறு வழியில்லாமல் போட்ட திரைதான். ஆனால், அந்தத் திரைக்குப் பின்னால் இன்னும் என்னவோ இருக்கிறது என்று நம் மூளை தானாக நிரப்பிக்கொண்டது. புதிய பதிப்பு ஓடும் கருவிகளுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. முழு மாநிலத்தையும் பளிச்சென்று வரைந்து தள்ளின, குட்டு உடைந்துவிட்டது. ரசிகர்கள் போட்ட சத்தத்தில், பின்னர் வந்த அப்டேட்டில் பனிமூட்டத்தை மறுபடி கொண்டுவந்து சேர்த்தார்கள்.

டெக்னாலஜி வளர வளர கேம் நகரங்கள் பெரிதாகத் தெரியவேண்டும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. இன்றைக்கும் புதிதாக ஒரு ஓபன் வேர்ல்ட் கேம் அறிவிப்பு வந்தால் முதல் கேள்வி ‘மேப் எவ்ளோ பெரிசு?’ என்பதுதான். அந்தக் கேள்வியில்தான் கோளாறு இருக்கிறது.

36 சதுர கி.மீ-க்குள் ஒரு மாநிலம்

சான் ஆண்ட்ரியாஸ் மேப் ஏறக்குறைய 6 கி.மீ நீளம், 6 கி.மீ அகலம். கடலையும் சேர்த்து மொத்தம் 36 சதுர கி.மீ. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. அதாவது, சென்னையில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள் லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் வேகஸ் மூன்றின் நகல்களும், நடுவில் காடு, மலை, பாலைவனமும் திணிக்கப்பட்டிருக்கின்றன. இதை யாரும் அன்று உணரவில்லை என்றால், அதற்குப் பின்னால் நிறைய வேலை இருக்கிறது.

ஒன்று, சாலைகள். நகரத்துக்கு நகரம் நேர்கோட்டில் போக முடியாது. மலையைச் சுற்றும், ஆற்றைத் தாண்டும், கிராமத்துக்குள் நுழைந்து வெளியேறும். போகும் ஊர் கடைசி வரை கண்ணில் படாது. இன்னொன்று, பூட்டு. ஆரம்பத்தில் லாஸ் சாண்டோஸைத் தவிர மற்ற நகரங்களுக்குப் போக முடியாது. பாலங்கள் அடைபட்டிருக்கும். மீறி நுழைந்தால் நான்கு ஸ்டார் போலீஸ் துரத்தும். பல மணி நேரம் கதையை ஆடிய பிறகுதான் அடுத்த ஊர் திறக்கும். அதுவரை அது மேப்பில் இருக்கும் ஒரு பெயர் மட்டும்தான். பார்க்காத ஊர் எப்போதுமே பெரிய ஊர்தானே.

இதில் பலர் கவனிக்காத மூன்றாவது விஷயம் கடிகாரம். சான் ஆண்ட்ரியாஸில் நமக்கு ஒரு நொடி போனால் கேமுக்குள் ஒரு நிமிடம் போகும். ஒரு முழு நாளே 24 நிமிடம்தான். லாஸ் சாண்டோஸில் மதியம் கிளம்பி ஐந்து நிமிடம் வண்டி ஓட்டினால் கேம் கடிகாரத்தில் ஐந்து மணி நேரம் ஓடியிருக்கும், வானம் சிவந்திருக்கும். நிஜத்தில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ சுமார் 600 கி.மீ. காரில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரப் பயணம். தூரத்தைச் சுருக்கிய அதே அளவுக்கு இல்லாவிட்டாலும் நேரத்தையும் சுருக்கியதால், ‘ரொம்ப தூரம் வந்துட்டோம்’ என்ற களைப்பு மட்டும் அப்படியே மிஞ்சியது.

சீட் கோடு போட்டு ஜெட்பேக் வாங்கியவர்களுக்கு இந்த மேஜிக் எதுவும் வேலை செய்திருக்காது. அவர்களுக்கு ஊர் அன்றே சின்னதுதான்.

ஸ்பைடர்மேனுக்கு ஸ்பீடு லிமிட் போட்டது யார்?

2018-ல் வந்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ கேமில் மன்ஹாட்டன் முழுக்கப் பறந்து திரியலாம். அவர் எவ்வளவு வேகமாகப் பறக்கலாம் என்பதைத் தீர்மானித்ததில் பிளேஸ்டேஷன் 4-ன் ஹார்ட் டிஸ்குக்கும் பங்கு உண்டு.

ஓபன் வேர்ல்ட் கேமில் முழு நகரமும் ஒரே நேரத்தில் மெமரியில் இருக்காது. நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள சில தெருக்கள் மட்டும் இருக்கும். நகர நகர, முன்னால் இருப்பது டிஸ்கிலிருந்து வந்து சேரும், பின்னால் விட்டது அழியும். ரயில் போகப் போக முன்னால் தண்டவாளம் போட்டு, பின்னால் பிடுங்கிக்கொண்டே வருவது மாதிரி. டிஸ்க் படிக்கும் வேகத்தைவிட வீரர் வேகமாகப் போய்விட்டால் தெருவே இல்லாத வெற்றிடத்தில் போய் விழுவார்.

பழைய ஹார்ட் டிஸ்கில் இன்னொரு தலைவலி. ஒவ்வொரு பொருளையும் தேடி அதன் முள் அங்குமிங்கும் நகரவேண்டும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க, ஒரே பொருளை ஒவ்வொரு தெருவின் டேட்டாவோடும் தனித்தனியாகக் காப்பி பண்ணி வைப்பார்கள். ஸ்பைடர்மேன் கேமில் சில டேட்டா இப்படி 400 முறை ஹார்ட் டிஸ்கில் பதிந்து கிடந்ததாக, பிளேஸ்டேஷன் 5-ஐ வடிவமைத்த மார்க் செர்னி 2020-ல் விளக்கினார். பி.எஸ்.5-ல் எஸ்.எஸ்.டி வந்ததும் அந்தக் கட்டாயம் போனது. அந்த கன்சோல் வெளியாகும் முன்பே செர்னி காட்டிய டெமோவில், மேப்பில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவ முன்பு 15 நொடி பிடித்தது, 0.8 நொடியானது.

2023-ல் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’-ல் குயின்ஸ், புரூக்ளின் பகுதிகளும் சேர்ந்தன. கூடவே ஸ்பைடர்மேனுக்குச் சிறகு மாதிரி விரித்துப் பறக்கும் வசதியும் வந்தது. மேப்பைப் பெரிதாக்கிய கையோடு அதைத் தாண்டும் வேகத்தையும் கூட்டினால் என்ன ஆகும்? கீழே இருக்கும் தெருக்கள் எதையும் யாரும் பார்ப்பதில்லை. புது ஏரியா சேர்ந்ததன் பாதி பலன் அங்கேயே போய்விடுகிறது.

தமிழ்நாட்டைவிடப் பெரிய கேம்

‘அப்படியானால் இன்னும் பெரிசா போடவேண்டியதுதானே’ என்பவர்களுக்கு 1996-லேயே பதில் வந்துவிட்டது. பெதஸ்டா நிறுவனத்தின் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் 2: டாகர்ஃபால்’. அதன் மேப் பரப்பாகப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு சுமார் 1.6 லட்சம் சதுர கி.மீ. தமிழ்நாடு 1.3 லட்சம். ஊர்களும் சுரங்கங்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் பெரும்பகுதியை உருவாக்கியது கம்ப்யூட்டர்தான், ஒரு ஃபார்முலா கொடுத்து. விளைவு, பத்து ஊர் பார்த்தவருக்கு எல்லா ஊரும் பார்த்த மாதிரி. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்தே போகலாம், ஆனால் யாரும் போகவில்லை. நடுவில் புல்தரையைத் தவிர ஒன்றும் இல்லை. மேப்பைத் திறந்து க்ளிக் பண்ணித் தாவினார்கள். அவ்வளவு பெரிய நாடு கடைசியில் ஒரு மெனு லிஸ்ட்டாகச் சுருங்கியது.

அதே நிறுவனம் 15 ஆண்டு கழித்து, 2011-ல் ‘ஸ்கைரிம்’ கொண்டுவந்தபோது எதிர்த் திசைக்குப் போனது. அதில் வரும் வைட்ரன் ஒரு முக்கியமான நகரம் என்கிறது கதை. நேரில் போனால் ஒரு சின்னத் தெரு, ஒரு சந்தை, மேட்டில் ஒரு அரண்மனை. ஒரே நிமிடத்தில் ஓடி முடித்துவிடலாம். கேலி பேசாதவர்கள் இல்லை. ஆனால் அங்கே கிட்டத்தட்ட எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம். உள்ளே இருப்பவருக்குப் பெயர் உண்டு, தொழில் உண்டு, ராத்திரி கடையைச் சாத்திவிட்டுப் படுக்கப் போகும் நேரம் உண்டு. ஸ்கைரிம் ஆடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வைட்ரன் கொல்லர் பட்டறை எங்கே என்று இன்றும் சொல்வார்கள்.

இரண்டையும் ஒன்றாகப் பிடிப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு அறை வேண்டுமென்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த அறையைச் செய்யவேண்டும். 2011-ல் வந்த ‘எல்.ஏ. நுவார்’ கேம் 1947-ன் லாஸ் ஏஞ்சலஸை, பழைய வான்வழிப் புகைப்படங்களை வைத்துக்கொண்டு சுமார் 20 சதுர கி.மீ-க்குக் கட்டியது. தெருவுக்குத் தெரு அசத்தல். ஆனால் துப்பறியும் கதையை விட்டு வெளியே வந்தால் அந்தத் தெருக்களில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஷூட்டிங் முடிந்த செட்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்ட ஃபீலிங். நகரத்தை இவ்வளவு மெனக்கெட்டுச் செய்ததற்கு, ரசிகர்கள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனதுதான் மிச்சம்.

நாலு தெரு, ஒரு காலி மனை

அளவு பற்றிய பேச்சில் எல்லோரும் மறக்கும் ஒரு ஊர், கமுரோச்சோ. சேகா நிறுவனத்தின் ‘யாக்குசா’ கேம் வரிசையில் 2005 முதல் வந்துகொண்டிருக்கும் கற்பனைப் பகுதி. டோக்கியோவின் ஷின்ஜுகுவில் இருக்கும் கபுகிச்சோ என்ற நிஜ ஏரியாவை அச்சாக வைத்தது. கார் தேவையில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினால் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய மேப் பார்த்துப் பழகியவர்கள் ‘இதெல்லாம் ஒரு ஓபன் வேர்ல்டா’ என்பார்கள்.

ஆனால் அதே நாலு தெருவுக்குள் கேமுக்குப் பின் கேமாகக் கதை நடக்கிறது. 2015-ல் வந்த ‘யாக்குசா 0’ 1988 டிசம்பருக்குப் போகிறது. ஜப்பானில் ரியல் எஸ்டேட் விலை எகிறிக்கிடந்த காலம். அதன் மொத்தக் கதையும் சுற்றுவது கமுரோச்சோவுக்கு நடுவில், கட்டிடங்களுக்கு இடையே மாட்டிக்கொண்ட ஒரு சின்னக் காலி மனையைச் சுற்றித்தான். அந்த மனையின் சொந்தக்காரர் யார் என்று தெரியாமல் ஆளை ஆள் வெட்டிக்கொள்கிறார்கள். முதல் கேமிலிருந்தே ஆடியவர்களுக்குத் தெரியும், பிற்காலத்தில் அந்த இடத்தில்தான் மில்லேனியம் டவர் நிற்கிறது. மனைக்கு நடுவில் நின்று வெறும் வானத்தைப் பார்க்கும்போது, எத்தனையோ முறை அண்ணாந்து பார்த்த ஒரு கட்டிடம் அங்கே இல்லாதது தெரியும். நூறு சதுர கி.மீ மேப்பால் கொடுக்க முடியாத ஒன்றை ஒரு காலி மனை கொடுத்துவிடுகிறது. ஏனென்றால் அந்தத் தெரு உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

நகரம் மனிதர் மனதில் எப்படிப் பதிகிறது என்று அமெரிக்க நகரத் திட்ட ஆய்வாளர் கெவின் லிஞ்ச் 1960-லேயே ஒரு புத்தகம் எழுதினார். பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் வாசிகளிடம் ‘உங்க ஊரை விவரிங்க’ என்று கேட்டு அலசியது. அவர்கள் சொன்னதில் சதுர கி.மீ கிடையாது. நடக்கும் பாதை, ஏரியாவின் எல்லை, தனிக் குணமுள்ள பேட்டைகள், கூடும் சந்திப்பு, கண்ணில் படும் அடையாளச் சின்னம் என இவற்றை வைத்துத்தான் ஊரை நினைவில் வைத்திருந்தார்கள். நாம் வழி சொல்லும்போது ‘கோயில் தாண்டி, டீக்கடை பக்கத்துல’ என்பதும் அதே கதைதான். கமுரோச்சோவில் இவை எல்லாம் இருக்கின்றன. பல பிரம்மாண்ட மேப்களில் இருப்பது ஒரே ஒரு கலர் கோடு, ஜி.பி.எஸ் போட்டுக் காட்டும் கோடு. கண் அந்தக் கோட்டில் இருக்கும்வரை ஊர் எவ்வளவு பெரிதாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மெட்ரோ வந்ததும் நைட் சிட்டிக்கு என்ன ஆனது?

இந்த விவகாரத்தில் ரொம்ப அடி வாங்கி, ரொம்ப தூரம் திரும்பி வந்த நகரம் ‘சைபர்பங்க் 2077’-ன் நைட் சிட்டி. 2020 டிசம்பரில் வெளியானபோது பார்வைக்கு இதைவிடப் பெரிய நகரம் கேம் உலகில் இருந்ததில்லை என்று தோன்றும். வானத்தை மறைக்கும் கட்டிடங்கள், அடுக்கடுக்காகச் சாலைகள். பத்து நிமிடம் நடந்தால் சாயம் வெளுத்துவிடும். பெரும்பாலான கதவுகள் பூட்டியிருக்கும். கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு சுற்று திரும்பினால் ஆட்கள் மாறியிருப்பார்கள். குற்றம் செய்தால் போலீஸ் எங்கிருந்தும் வராது, முதுகுக்குப் பின்னால் அப்படியே முளைக்கும். பழைய கன்சோல்களில் கேம் ஓடவே திணறி, பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே சில மாதம் தூக்கப்பட்டது தனிக் கதை.

2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் போலீஸை உருப்படியாக மாற்றியது. அந்த டிசம்பரில் வந்த 2.1 அப்டேட்டில்தான் மெட்ரோ வந்தது. 2018 டிரெய்லரிலேயே ரயிலைக் காட்டியிருந்தார்கள். ஆனால் வெளியான கேமில் ஸ்டேஷன் வாசலில் க்ளிக் பண்ணினால் அடுத்த ஸ்டேஷன் வாசலில் நிற்பீர்கள், அவ்வளவுதான். புது மெட்ரோவில் 19 ஸ்டேஷன், 5 வழித்தடம். பெட்டியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம்.

யோசித்துப் பார்த்தால் சுத்த வேஸ்ட். சொந்தக் கார், பைக் எல்லாம் இருக்கும்போது, தாவிப் போகும் வசதியும் இருக்கும்போது, மெதுவாகப் போகும் ரயிலுக்காக எதற்கு மூன்று வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்? மேப்பில் ஒரு சதுர மீட்டர்கூடச் சேரவில்லை. ஆனால் அந்த ஊரில் முதல்முறையாக நீங்கள் ஹீரோ இல்லை, பயணி. யாரையும் சுடாமல், எதையும் ஓட்டாமல், இறங்கும் இடம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். தூரம் என்பதை உடம்பு உணர்வது அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான். தினமும் மின்சார ரயிலில் ஆபீஸ் போகிறவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

‘இன்னும் பெரிசா’ என்பதன் பில் யாருக்கு?

இது வெறும் ரசனைச் சண்டையாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் மேப் பெரிதாவதற்கு யாரோ கூடுதல் நேரம் உட்காருகிறார்கள். சைபர்பங்க் வெளியாவதற்குச் சில வாரம் முன்பு, 2020 செப்டம்பரில், ஊழியர்கள் வாரம் ஆறு நாள் வேலைக்கு வரவேண்டும் என்று சி.டி. ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் உத்தரவிட்டது. கட்டாய ஓவர்டைம் இருக்காது என்று அதற்கு முன் சொல்லியிருந்த அதே நிறுவனம். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ சமயத்தில் ராக்ஸ்டார் நிறுவனர்களில் ஒருவரான டேன் ஹவுசர் வாரம் 100 மணி நேர வேலை பற்றிப் பேட்டியில் சொல்லப்போக, பெரிய சர்ச்சை ஆனது. தன்னையும் சேர்த்து மூத்த எழுத்தாளர்கள் சிலர் மூன்று வாரம் அப்படி உழைத்ததைத்தான் சொன்னதாகப் பின்னர் விளக்கம் கொடுத்தார். ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் கேம் ஆடலாம் என்று உட்காரும் ஐ.டி ஊழியருக்கு, இன்னொரு நாட்டில் இன்னொரு ஐ.டி ஊழியர் அந்தக் கட்டிடத்தின் எட்டாவது மாடியைச் செய்துகொண்டிருந்த ராத்திரி கண்ணில் படாது.

இப்போது எல்லோர் கண்ணும் ஜி.டி.ஏ 6 மேல். 2026 நவம்பர் 19 என்று தேதி அறிவித்திருக்கிறது ராக்ஸ்டார். வைஸ் சிட்டியும் அதைச் சுற்றிய லியோனிடா மாநிலமும் எவ்வளவு பெரிது என்று டிரெய்லர்களை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, கட்டிட நிழலை அளந்து, ரசிகர்கள் தாங்களாகவே மேப் வரைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களின் பொறுமைக்கு ஒரு சல்யூட். ஆனால் எத்தனை கதவு திறக்கும், அந்த ஊரில் எத்தனை பேருக்கு வீடு இருக்கிறது என்பதை டிரெய்லரை நிறுத்தி அளக்க முடியாது.

அதுவரை கையில் இருக்கும் கேமிலேயே ஒரு டெஸ்ட் பண்ணலாம். ஜி.டி.ஏ 5-ல் செட்டிங்ஸுக்குள் டிஸ்பிளே போய் ரேடாரை ஆஃப் பண்ணிவிடுங்கள். மூலையில் இருக்கும் அந்தக் குட்டி மேப்பும் கலர் கோடும் மறைந்துவிடும். வைன்வுட் மலைமேல் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அங்கிருந்து வெஸ்பூச்சி பீச்சுக்கு சிக்னலில் நின்று, போர்டைப் படித்து, மேஸ் பேங்க் டவர் எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டுங்கள். பத்து வருடமாக ஆடியவராக இருந்தாலும் முதல் தடவை வழி தப்பும்.